எது அண்ணன், எது தம்பி? பாறை அடுக்கைப் பார்த்துப் புதைபடிவத்தின் மூப்பைச் சொல்வது எப்படி

திருவக்கரையில், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் பூங்காவுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அந்தக் கல்மரத்துக்கு இரண்டு கோடி வயசுங்கிறாங்களே, யார் எண்ணிப் பார்த்தாங்க?" நியாயமான கேள்வி. மரத்தை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு யாராலும் எண்ண முடியாது. அது எந்த மணற்கல்லில் புதைந்து கிடந்தது, அந்த மணற்கல்லுக்குக் கீழே என்ன, மேலே என்ன என்று பார்த்துத்தான் சொல்கிறார்கள். முதலில் வரிசை, எண் அப்புறம்.

நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அந்த வரிசையைப் பற்றித்தான். இரண்டு பேரில் யார் அண்ணன், யார் தம்பி என்று தெரிந்துகொள்ளப் பிறப்புச் சான்றிதழ் வேண்டாம். யார் பிறந்தபோது மற்றவர் ஏற்கெனவே வீட்டில் இருந்தார் என்று தெரிந்தால் போதும். பாறையிலும் அதே கணக்குதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கும் கடலூர்க்காரர்களுக்கும் இதில் ஒரு கொடுப்பினை உண்டு. வழுதாவூர்ப் பக்கம் டைனோசர் காலத்துக் கடலடி மண் கல்லாகிக் கிடக்கிறது. வானூர்ப் பக்கம் கடப்பேரிக்குப்பத்தில் அதற்கு அடுத்த காலத்துக் கடல். கோரிமேட்டிலும் கடலூர் கேப்பர் மலையிலும் அதற்கும் பிந்திய செம்மணற்கல். எல்லாம் டூ வீலரில் போய் வரும் தூரம்.

கையில் என்ன வேண்டும்

கோடு போடாத நோட்டு, பென்சில், கொத்தனார் வைத்திருக்கும் டேப், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், ஒரு பழைய டூத் பிரஷ், இரண்டு பாட்டில் தண்ணீர். ஒரு பாட்டில் உங்களுக்கு, இன்னொன்று பாறைக்கு. காய்ந்த பாறை எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். தண்ணீர் தெளித்தால் அடுக்குக்கு அடுக்கு வித்தியாசம் எழுந்து நிற்கும். சின்ன சீசாவில் வினிகர் எடுத்துக்கொள்ளுங்கள். பாறையைக் கொஞ்சம் சுரண்டிப் பொடியாக்கி அதன்மேல் விட்டால், சுண்ணாம்புக்கல் நுரைக்கும், மணற்கல் சும்மா இருக்கும்.

சுத்தியலை வீட்டிலேயே வையுங்கள். புதியவர் கையில் சுத்தியல் இருந்தால், கிடந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே புதைபடிவம் பைக்குள் போய்விடுகிறது. திருவக்கரைப் பூங்கா தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அங்கே ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது.

முதல் நாள் பாறைக்குப் போகாதீர்கள்

இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. பாறையில் அடுக்கைப் பிரித்துப் பார்க்கக் கண் பழக நாளாகும். அதற்கு முன் ஊருக்குள் எங்கேயாவது அஸ்திவாரக் குழி வெட்டினால், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அதன் சுவரைப் பாருங்கள். கரையில் நின்று பாருங்கள். ஈர மணல் சுவர் சரிந்தால் தப்பிக்க நேரம் இருக்காது.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வெட்டிய குழியில் நான் எழுதியதை அப்படியே தருகிறேன். அடியில் கறுத்த களி. அதில் மட்டிச் சிப்பிகள், பலவற்றில் இரண்டு ஓடும் பிரியாமல் மூடியபடி. அதற்கு மேல் ஒரு சாண் வெள்ளை மணல். அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு மண், நாட்டு ஓட்டுச் சில்லுகளோடு. உச்சியில் செங்கல், சுண்ணாம்புக் காரை கலந்த ரப்பிஷ். தெற்குச் சுவரில் மட்டும் ஒரு பழைய கழிவுக் குழியின் வாட்டம் தெரிந்தது. அது பழுப்பு மண்ணையும் மணலையும் வெட்டிக்கொண்டு களி வரை இறங்கியிருந்தது. ஆனால் ரப்பிஷ் அதன் வாயை மூடிக்கொண்டு ஓடியது.

இனி வரிசை. களி முதலில், அப்புறம் மணல், அப்புறம் பழுப்பு மண். அடியில் இருப்பது முந்தியது, அவ்வளவுதான். குழி எப்போது? எதை வெட்டியதோ அதற்கெல்லாம் பிறகு. இல்லாத மண்ணை யாரும் வெட்ட முடியாது. எது அதை மூடியதோ அதற்கு முன். ஆகவே களி, மணல், பழுப்பு மண், குழி, ரப்பிஷ். ஐந்து நிகழ்ச்சிகள், ஒரு எண்கூட இல்லாமல்.

அந்த ஐந்தில் இன்னும் இரண்டு விஷயம் ஒளிந்திருந்தது. களியில் சிப்பிகள் இரண்டு ஓடும் மூடியபடி இருந்தன. செத்த மட்டியை அலை புரட்டினால் கீல் அறுந்து இரண்டும் பிரிந்துவிடும். மூடியே இருந்தால் அது வாழ்ந்த இடத்திலேயே புதைந்தது என்று பெரும்பாலும் நம்பலாம். ரப்பிஷிலும் அதே சிப்பிகள் கிடந்தன, ஆனால் ஒற்றை ஒற்றை ஓடாக, விளிம்பு உடைந்து. அவை அங்கே வாழ்ந்தவை இல்லை. குழி வெட்டியவர்கள் தோண்டிப் போட்ட களியோடு மேலே ஏறியவை. ஒரே சிப்பி, ஒன்று உள்ளூர்க்காரர், இன்னொன்று வாடகைக்கு வந்தவர். இந்த வித்தியாசம் பின்னால் பெரிதாகப் பயன்படும்.

நான் அங்கே செய்யவிருந்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாண் வெள்ளை மணலைப் பார்த்ததும் நோட்டில் "2004 சுனாமி மணல்" என்று எழுதக் கை துறுதுறுத்தது. நம் கடற்கரையில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வீட்டுக்காரர்தான் சொன்னார், மேலே கிடக்கும் ரப்பிஷ் 1990-களில் மாடி எடுத்தபோது கொட்டியதாம். அதற்கும் அடியில் இருக்கும் மணல் 2004-இல் வந்திருக்க வழியே இல்லை. மணலைப் புயலும் போடும், ஆற்று வெள்ளமும் போடும். பார்த்தது மணல், "சுனாமி" நான் சேர்க்கப் பார்த்தது. நோட்டில் பார்த்ததை ஒரு பக்கமும் நினைத்ததை எதிர்ப் பக்கமும் எழுதுங்கள்.

குவியல் எப்போதும் தலைகீழ்

என் முதல் குட்டு வழுதாவூர்ப் பக்கத்து வயல்கிணறு ஒன்றில் கிடைத்தது. கிணற்றைச் சுற்றிப் புது மண் குவிந்திருந்தது. குவியலின் அடியில் செம்மண், நடுவில் மஞ்சள் களி, உச்சியில் சாம்பல் நிறக் கல், அதில் அழகான சிப்பி. எனக்குத் தலைகால் புரியவில்லை. "செம்மண் முந்தியது, அதன்மேல் கடல் வந்திருக்கிறது" என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி, அம்புக்குறி எல்லாம் போட்டுவிட்டேன். கிணறு வெட்டியவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடைசியா அள்ளினதுதானே சார் மேல கிடக்கும்?"

அன்றைக்கு அடித்த பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கிணற்றுக் குவியல், போர் போட்ட இடத்து மண், ரோட்டுக்காகக் கொட்டிய மண், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்ததை அகற்றிக் கொட்டிய மண்மலைகள், எல்லாவற்றிலும் வரிசை தலைகீழாகவோ குலைந்தோதான் இருக்கும். அங்கே கிடைக்கும் படிவம் அழகாக இருக்கலாம். மூப்பு சொல்ல உதவாது. வெட்டும்போது கூடவே நின்று, எத்தனை அடியில் எது வந்தது என்று எழுதினால் மட்டும் உதவும். கிணறு வெட்டுகிறவர்கள் "இங்க மண் மாறுது" என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் டேப்பை இறக்குங்கள்.

போர் மண்ணில் இன்னொரு வம்பு. மேல் அடுக்கு சரிந்து குழிக்குள் விழுந்து, ஆழத்து மண்ணோடு கலந்து வரும். அதனால் ஒரு உயிரினம் கீழே எதுவரை இருக்கிறது என்று போர் மண்ணை வைத்துச் சொல்வது ஆபத்து. மேலிருந்து கீழே போகும்போது அது முதல்முதலாக எந்த ஆழத்தில் தலைகாட்டுகிறது என்பது மட்டும் ஓரளவு நம்பகமானது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களும் மணல் பருமனே உள்ள ஃபோராமினிஃபெரா என்ற கடல் நுண்ணுயிரிகளின் ஓடுகளை வைத்து வயது பார்க்கும்போது இந்தக் கவனத்தோடுதான் பார்ப்பார்கள்.

மேல் எது, கீழ் எது

இயற்கையே அடுக்கைக் கவிழ்த்துவிடுவதும் உண்டு. இமயமலையில் பாறை மடிந்து புரண்டு கிடக்கும். நம் பக்கத்துப் படிவுகள் லேசாகச் சாய்ந்தவை மட்டுமே, புரண்டவை அல்ல. ஆகவே இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கோடையில் ஊசுட்டேரிக் கரைச் சேறு வெடிப்பதைப் பாருங்கள்: வெடிப்பு மேலே அகலம், கீழே குறுகல். கல்லில் அதே வெடிப்பு கீழே அகன்று தெரிந்தால் பாறை கவிழ்ந்திருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை புரட்டிப் போட்ட ஒற்றைச் சிப்பிகள் பெரும்பாலும் குப்புறக் கவிழ்ந்து, முதுகு மேலாகக் கிடக்கும். பாறையில் பலவும் மல்லாந்து கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

நடந்தாலே காலம் மாறும்

சமதரையில் அடுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சாய்வு இருப்பதால்தான் தெரிகிறது. சீட்டுக்கட்டை மேசையில் லேசாகச் சரித்து வைத்தால் ஒவ்வொரு சீட்டின் ஓரமும் வெளியே தெரியுமே, அதுபோல. புதுச்சேரிக்கு வடமேற்கே உள்ள பழைய கடற்படிவுகள் தென்கிழக்காக, கடல் பக்கமாகச் சில பாகை சரிந்து கிடக்கின்றன. சரிவு எந்தத் திசையோ அந்தத் திசையில் நடந்தால் இளைய அடுக்குக்குப் போவீர்கள். எதிர்த்திசையில் மூத்த அடுக்குக்கு. வழுதாவூர்ப் பக்கம் மூத்தது, கடப்பேரிக்குப்பம் பக்கம் இளையது.

இந்த அடுக்குக் கணக்கை முதலில் எழுதி வைத்தவர் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் நாட்டு மருத்துவர். 1666-இல் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்துப் பார்த்தபோது, மலையில் கிடைக்கும் "நாக்குக் கற்கள்" எல்லாம் சுறாப் பற்கள்தான் என்று அவருக்குப் புரிந்தது. கல்லுக்குள் பல் எப்படிப் போயிற்று என்ற கேள்வியிலிருந்து 1669-இல் மூன்று விதிகளுக்கு வந்து சேர்ந்தார். அடியில் இருப்பது முந்தியது. படிவு முதலில் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகத்தான் படியும். இப்போது சாய்ந்திருந்தால் பிறகு சாய்ந்தது. ஓர் அடுக்கு எதிலாவது முட்டும் வரை பக்கவாட்டில் தொடரும். மூன்றாவதை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். ஓடையின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒரே உயரத்தில் ஒரே சிப்பிப் பாறை தெரிந்தால் அது ஒரே அடுக்கு; ஓடை பிறகு வந்து அறுத்தது.

தடிமனைப் பார்த்துக் காலத்தை அளக்காதீர்கள். ஒரு சாண் மணல் ஒரே இரவில் வரும். ஒரு விரல் களி படிய நூறு வருஷம்கூட ஆகலாம்.

தூரத்து ஊரோடு ஒப்பிடுவது

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு குழிக்கோ ஓர் ஓடைக்கோதான் செல்லும். வழுதாவூர் பாறை மூத்ததா, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் அரியலூர் பாறை மூத்ததா? நடுவில் வயலும் வண்டலும் மூடிக் கிடக்கிறது. அடுக்கைத் தொடர்ந்து நடக்க முடியாது. இங்கேதான் படிவம் முகவரிச் சீட்டாக வேலை செய்கிறது.

இதற்கு நம் ஊரிலேயே பாறை இல்லாத ஓர் உதாரணம் உண்டு. 1945-இல் புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தபோது, இத்தாலியில் செய்த அரெட்டைன் என்ற சிவப்புப் பானைத் துண்டுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அதே அடுக்கில் கிடைத்த நம் ஊர்ப் பானைகளுக்கும், குறிப்பாக உள்பக்கம் வட்ட வட்டமாகப் புள்ளிக் கோடு ஓடும் ஒரு தட்டு வகைக்கும், காலம் கிடைத்துவிட்டது. அதே தட்டு தொலைவில் வேறு ஊரில் கிடைத்தால் அந்த அடுக்குக்கும் காலம் சொல்லலாம். பிற்பாடு அந்தத் தட்டு வகை வீலர் நினைத்ததைவிட முன்பே தொடங்கிவிட்டது என்று தெரியவந்தது. முகவரிச் சீட்டும் திருத்தப்படும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

பாறையில் அந்தப் பானையின் வேலையைச் செய்வது, குறுகிய காலம் மட்டும் வாழ்ந்து, அகலமாகப் பரவி, எளிதில் அடையாளம் தெரிகிற உயிரினம். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த அம்மோனைட்டுகள் இதற்குப் பேர்போனவை. கடலில் நீந்தியவை, ஆகவே எங்கும் பரவின. இனத்துக்கு இனம் சீக்கிரம் மாறின. சாதாரண ஆளிச் சிப்பி இதற்குக் கொஞ்சமும் ஆகாது. பல கோடி வருஷமாக ஏறக்குறைய அதே முகத்தோடு இருக்கிறது. ஆனால் புதியவர் முதலில் பொறுக்குவது ஆளியைத்தான்!

வழுதாவூர்ப் பகுதி அம்மோனைட்டுகளை 1846-இலேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் லண்டனில் விவரித்து எழுதினார். நம் ஊரிலிருந்து போனவை என்பதால் அவற்றுக்கு இந்திரன், சூரியன், பிரம்மா என்று நம் தெய்வப் பெயர்களையே சூட்டினார். இந்திரன் பெயர் கொண்ட இனம் பிறகு வேறு கண்டங்களிலும், கிரெட்டேசியஸ் என்ற டைனோசர்களின் கடைசிக் காலத்தின் இறுதிப் பகுதிப் பாறைகளில் அடையாளம் காணப்பட்டது. அரியலூர்ப் பாறைகளோடும் வழுதாவூரை இப்படிப் படிவ ஒற்றுமையால்தான் இணைத்தார்கள். படிவங்கள் எங்கும் ஒரே வரிசையில் வரும் என்பதை இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலையில் அலைந்த வில்லியம் ஸ்மித் கண்டுகொண்டு, 1815-இல் முழு நாட்டுக்குமே பாறை வரைபடம் போட்டார். அவரும் பள்ளம் வெட்டும் இடத்தில் நின்றவர்தான்.

அம்மோனைட் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் பூஜை அறைச் சாளக்கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கருங்கல்லுக்குள் இருக்கும் சுருள் அம்மோனைட்தான். ஆனால் அவை பெரும்பாலும் கிரெட்டேசியஸுக்கு முந்திய ஜுராசிக் காலத்தவை. வழுதாவூர் அம்மோனைட்டுக்குப் பெரியப்பா முறை. "சுருள் இருக்கு, ஆகவே ரெண்டும் ஒரே காலம்" என்று சொல்ல முடியாது. எந்த இனம் என்று பார்க்க வேண்டும். லென்ஸை எடுத்து ஓட்டின் பக்கத்தைப் பாருங்கள். அறைகளின் தடுப்புச் சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அது கொத்தமல்லித் தழை ஓரம்போல நெளிந்து நெளிந்து போனால் அம்மோனைட். ஒரே மெல்லிய வளைவாகப் போனால் நாட்டிலஸ் குடும்பம். இந்த வித்தியாசம் முக்கியம். ஏனென்றால் 6.6 கோடி வருஷத்துக்கு முன் கிரெட்டேசியஸ் முடிந்தபோது அம்மோனைட்டுகளும் கதை முடித்துக்கொண்டன. நாட்டிலஸ் இன்றும் கடலில் இருக்கிறது. கிரெட்டேசியஸுக்கு அடுத்த பாலியோசீன் காலத்துக் கடப்பேரிக்குப்பம் பாறையில் ஒரு சுருளைக் கண்டு "அம்மோனைட்!" என்று குதிப்பதற்கு முன் அந்தக் கோட்டைப் பாருங்கள்.

வாடகைக்கு வந்தவர்

முதுநகர் ரப்பிஷில் கிடந்த ஒற்றைச் சிப்பியை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? அதன் பெரிய அண்ணன் சங்கராபரணி ஆற்றில் இருக்கிறார்.

திருவக்கரை கல்மரங்கள் கடலூர் மணற்கல் என்று அழைக்கப்படும் படிவில் கிடக்கின்றன. 1781-இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊரில் இவற்றை வக்கிராசுரனின் எலும்பு என்று சொல்லும் வழக்கமும் உண்டு. மரங்களில் வேரும் இல்லை, கிளையும் இல்லை, பட்டையும் இல்லை. வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து, மணலில் புதைந்து, நீரில் கரைந்த சிலிக்கா உள்ளே ஏறிக் கல்லானவை என்பது பொதுவான கருத்து. வந்து சேர்ந்தபோது அவை இன்னும் மரம்தான். ஆகவே மரமும் மணலும் ஏறக்குறைய ஒரே காலம்.

இப்போது அந்தப் படிவை மழை அரிக்கிறது. கல்மரச் சில்லு ஒன்று ஆற்றில் உருண்டு, கூழாங்கல்லோடு சேர்ந்து, போன மழைக்காலத்து மணலில் தங்கிவிடுகிறது என்று வையுங்கள். அந்த மணலில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் கிடக்கிறது. கல்மரத்தைப் பார்த்து மணலுக்கு இரண்டு கோடி வயசு என்பீர்களா? ஓர் அடுக்கு, தனக்குள் இருப்பவற்றில் மிக இளையதைவிட மூத்ததாக இருக்க முடியாது. பழைய பொருள் எத்தனை இருந்தாலும் கணக்கில்லை; டம்ளர்தான் தீர்ப்பு.

வாடகைக்கு வந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது? மூலை மழுங்கியிருக்கும். சுற்றியுள்ள மண்ணுக்கும் படிவத்தின் உள்ளே அடைத்திருக்கும் மண்ணுக்கும் பொருத்தம் இருக்காது. சிவப்பு மணலில் கிடக்கும் சிப்பிக்குள் சாம்பல் களி அடைத்திருந்தால் அது வேறு வீட்டிலிருந்து வந்தது. பிரஷால் தட்டி உள்மண்ணைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கல்மரம் என்ற பெயரே ஒரு வயதைச் சொல்லிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் ஒரு கல்மரம் படுத்திருக்கிறது. அது கிரெட்டேசியஸ் காலத்தது, திருவக்கரை மரத்தைவிடப் பல மடங்கு மூத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

சிவப்பை நம்பாதீர்கள்

நம் ஊர்க்காரர்கள் விழும் பெரிய பள்ளம் இதுதான். கேப்பர் மலையில் மழைநீர் அறுத்த பள்ளங்களில் நின்றால் மேலே கடும் சிவப்பு, கீழே வரவர ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று தெரியும். உடனே நோட்டில் நான்கு அடுக்கு எழுதிவிடுவார்கள். சிவப்பு, கல்லில் உள்ள இரும்பு காற்றும் மழைநீரும் பட்டுத் துருப்பிடித்த நிறம். மேலிருந்து கீழே இறங்கிய கறை. வேட்டியில் பட்ட வெற்றிலைக் கறை வேட்டியின் நெசவைப் பார்த்தா நிற்கும்? ஒரே அடுக்கின் பாதி சிவப்பாகவும் பாதி வெளுப்பாகவும் இருக்கலாம். இரண்டு அடுக்குகளுக்குக் குறுக்கே ஒரே சிவப்பு ஓடலாம்.

அடுக்கைப் பிரிக்க நிறத்தை விட்டுவிட்டு மணியைப் பாருங்கள். விரலால் தேயுங்கள். நறநறவென்றால் மணல், பவுடர் போல ஒட்டினால் களி. கூழாங்கல் வரிசை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அது நல்ல எல்லை. அந்தக் கூழாங்கற்களும் இன்னொரு தகவல் தரும். அவை வேறு பாறையிலிருந்து உடைந்து வந்தவை, ஆகவே அந்தத் தாய்ப்பாறை இந்த அடுக்கைவிட மூத்தது.

காணாமல்போன பக்கங்கள்

அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் காலமும் விடாமல் ஓடியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வழுதாவூர், கடப்பேரிக்குப்பம் கடற்படிவுகள் தோராயமாக 7 முதல் 6 கோடி வருஷம் பழையவை. கடலூர் மணற்கல் மயோசீனும் அதற்குப் பிந்தியதும். மயோசீன் தொடங்கியதே சுமார் 2.3 கோடி வருஷத்துக்கு முன்புதான். ஒன்றின்மேல் மற்றது உட்கார்ந்திருக்கும் இடத்தில், நடுவில் சில கோடி வருஷம் ஒரே கோட்டில் அடங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் அந்த இடத்தில் ஒன்றும் படியவில்லை, அல்லது படிந்ததை அரிப்பு கொண்டுபோய்விட்டது.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள்: கீழ்ப்பாறையின் மேல்முகம் மேடுபள்ளமாக அரித்திருக்கும், கீழ் அடுக்கின் சாய்வும் மேல் அடுக்கின் சாய்வும் ஒத்துப்போகாது, கோட்டுக்குச் சற்று மேலே கீழ்ப்பாறையின் உடைசல்கள் கிடக்கும். இப்படிக் கண்டால் நோட்டில் நேர்கோடு போடாமல் அலைக்கோடு போடுங்கள். புவியியல்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் வரைவார்கள்.

சரி, எண் எங்கிருந்து வருகிறது?

"கார்பன் டேட்டிங் பண்ணினா தெரிஞ்சிடாதா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். தெரியாது. கார்பன்-14 சுமார் 5,730 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. 50,000 வருஷம் தாண்டினால் அளக்க மிச்சமிருக்காது. போதாததற்குக் கல்மரத்தில் மரத்தின் கார்பன் பெரும்பாலும் போய் சிலிக்கா உட்கார்ந்திருக்கிறது. கோடிக் கணக்கு வயதுக்கு எரிமலைச் சாம்பலிலும் எரிமலைக் குழம்புப் பாறையிலும் உள்ள யுரேனியம், பொட்டாசியம் போன்றவற்றின் சிதைவை அளக்கிறார்கள். அப்படிச் சாம்பல் அடுக்கு மேலும் கீழும் கிடைத்தால் நடுவில் உள்ள படிவத்தை இரண்டு எண்களுக்கு இடையே பூட்டிவிடலாம். சாம்பல் கிடைக்காத ஊருக்குப் படிவ ஒற்றுமை வழியாக அந்த எண்ணைக் கடன் வாங்குகிறார்கள்.

முதுநகர்க் குழியில் நானும் இதையேதான் செய்தேன். கழிவுக் குழியை நிரப்பியிருந்த மண்ணில் ஒரு சிக் ஷாம்பு பாக்கெட் இருந்தது. கடலூரிலேயே 1983-இல் தொடங்கிய சரக்கு அது. ஆகவே அந்தக் குழி நிரம்பியது 1983-க்கு முன் இல்லை. அதை மூடிய ரப்பிஷ் 1990-களில் வந்தது. இரண்டுக்கும் நடுவே பூட்டியாயிற்று. கவனியுங்கள், பாக்கெட் "இதற்கு முன் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். "இதற்குப் பின் இல்லை" என்று சொன்னது ரப்பிஷ். கடையில் அந்த ஷாம்பு இன்றும் கிடைக்குமே! அம்மோனைட்டுக்குத் தொடக்கம், முடிவு என்று இரண்டு முனையும் உண்டு என்பதுதான் அதன் பெருமை.

நோட்டில் எப்படி எழுதுவது

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் அடியிலிருந்து மேலாக எழுதுங்கள். பாறை எப்படி அடுக்கியதோ அப்படி. மேலிருந்து எழுதப் பழகினால் வீட்டுக்கு வந்து குழம்புவீர்கள். படம் எடுக்கும்போது ஒரு ரூபாய்க் காசை அடுக்கின் பக்கத்தில் வையுங்கள், மேல் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்ட துண்டுக் காகிதத்தையும் வையுங்கள். மாதிரிக்கு ஒரு பக்கம்:

கேப்பர் மலை, மழைப் பள்ளம், வடக்குச் சுவர். அடியில் வெளுத்த மணற்கல், நறநறப்பு, படிவம் எதுவும் கண்ணில் படவில்லை. அதன்மேல் ஒரு முழம் கூழாங்கல் வரிசை, வெள்ளைக் கல் அதிகம், மூலை மழுங்கியவை. அதன்மேல் சிவந்த மணற்கல். சிவப்பு கூழாங்கல் வரிசைக்குள்ளும் பாதி இறங்கியிருக்கிறது, ஆகவே நிறம் எல்லை அல்ல. கூழாங்கல் வரிசையின் அடிமுகம் மேடுபள்ளம்: அலைக்கோடா? கேள்விக்குறி.

கேள்விக்குறி போட்ட இடத்துக்கு ஐப்பசி மழை விட்டதும் மறுபடி போவேன். சுவரில் ஒரு சாண் உதிர்ந்து புது முகம் வந்திருக்கும்.